சர்க்கரை இருந்தால் பல்லைப் பிடுங்கக் கூடாதா?

"டாக்டர், வலி உயிர் போகுது. ஆனா பல்லைப் பிடுங்கிடாதீங்க. எனக்கு சுகர் இருக்கு. புண் ஆறவே ஆறாதாமே?"

வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார் அந்த ரிடையர்டு வாத்தியார். கடைவாய்ப் பல் சொத்தையாகி ஆறு மாசம். யாரோ கிளப்பிவிட்ட பயத்தில் கிராம்புத் தைலத்தை வைத்தே காலம் தள்ளியிருக்கிறார். ரத்தத்தைப் பார்த்தால் சர்க்கரை 340! "மாத்திரையை ஒழுங்காத்தானே சாப்பிடறார், எப்படி ஏறிச்சு?" என்று கையைப் பிசைந்தார் மனைவி.

அந்தப் பல்லுக்கே இதில் பெரிய பங்கு உண்டு. உடம்பில் எங்கே சீழ் பிடித்தாலும் சர்க்கரை ஏறும். சர்க்கரை ஏறினால் சீழ் அடங்காது. இப்படி ஒன்றை ஒன்று தூக்கிவிடும். அழுகிய பல்லை உள்ளே வைத்துக்கொண்டு, 'பிடுங்கினால் ஆறாதே' என்று பயப்படுவதில் அர்த்தமே இல்லை.

பல்லைப் பிடுங்கியதும் அந்தக் குழியில் ரத்தம் நிரம்பி உறைகிறது. இந்த ரத்தக்கட்டிதான் இயற்கை போடும் பிளாஸ்திரி. ஒரு வாரத்துக்குள் அதில் புதுத் திசு வளரும். ஈறு மூட மூன்று, நாலு வாரம் ஆகலாம். அடியில் எலும்பு நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். சர்க்கரை கூடினால் கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும். பொடி ரத்தக்குழாய்களில் ஓட்டம் குறையும். திசுவுக்கு நாராக நிற்கும் கொலாஜனும் சரியாக உருவாகாது. வாய் வேறு வறண்டிருக்கும். கிருமிக்குக் கேட்கவா வேண்டும்!

ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இருப்பவருக்கு மற்றவர்களைப் போலவேதான் புண் ஆறுகிறது. அதனால் மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்.பி.ஏ.1.சி. ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போங்கள். 7-ஐ ஒட்டி இருந்தால் பயம் வேண்டாம். ரொம்ப ஏறியிருந்தால், அவசரமில்லாத பல்லைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம். சீழ் இருந்தால் காத்திருக்க முடியாது. வாத்தியாருக்கு முதலில் சீழை வெளியேற்றி, ஆன்டிபயாடிக் கொடுத்து, அவருடைய டாக்டரிடம் பேசி இன்சுலின் போடவைத்தோம். சர்க்கரை இறங்கியதும் பல்லை எடுத்து இரண்டு தையல் போட்டோம். ஆறிவிட்டது.

பலரும் பண்ணும் தப்பு ஒன்று இருக்கிறது. பல் பிடுங்கத்தானே போகிறோம் என்று வெறும் வயிற்றோடு வருவார்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்தால், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கி, வியர்த்துக் கொட்டி நாற்காலியிலேயே மயங்கலாம். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் எடுக்கப் போகிறார்கள் என்றால், காலை டிபனும் வழக்கமான மருந்தும் முடிந்த பிறகு வருவதே நல்லது. ரத்தத்தை இளக்கும் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிடுவதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குப் போனதும் அடுத்த சிக்கல். 'ஐஸ்கிரீம் சாப்பிடுங்க' என்பது எல்லோருக்கும் சொல்லும் வார்த்தை. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு இரண்டு கப் உள்ளே தள்ளியவர்களும் உண்டு! உங்களுக்குக் குளிர்ந்த மோரும் தயிரும் போதும். மரமரப்பு போனதும் இட்லி, குழைந்த பருப்பு சாதம், அரைவேக்காடாக இல்லாமல் நன்றாக வெந்த முட்டை என்று மெத்தென்று சாப்பிடுங்கள். பட்டினி மட்டும் கூடாது.

பஞ்சை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் கடித்திருக்க வேண்டும். முதல் நாள் முழுக்க வாய் கொப்பளிக்காதீர்கள், காறித் துப்பாதீர்கள், ஸ்ட்ரா வைத்து உறிஞ்சாதீர்கள். ரத்தக்கட்டி பிய்ந்துவிடும். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். சிகரெட், வெற்றிலை, புகையிலை கிட்டவே வரக்கூடாது. மஞ்சள்பொடியைக் குழியில் அடைப்பதும் வேண்டாம் பாட்டி! வலிக்குக் கடையில் கேட்டதை வாங்கிப் போடாதீர்கள். சிறுநீரகம் பாதித்த சர்க்கரைக்காரர்களுக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் ஆகாது. பாரசிட்டமால் போதுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

இரண்டு, மூன்று நாள் கழித்து வலி குறையாமல் கூடினால், நாற்றம் வந்தால் ரத்தக்கட்டி கழன்றிருக்கலாம், போய்க் காட்டுங்கள். காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, தாடைக்குக் கீழே வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாரக்கணக்கில் குழி மூடாமல் எலும்பு கறுத்துத் தெரிந்தாலும் விடக்கூடாது. 2021-ல் கொரோனாவுக்குப் பின்னால் வந்த கறுப்புப் பூஞ்சை, கட்டுப்படாத சர்க்கரை உள்ளவர்களில் சிலருக்கு மேல்தாடையில் பல் ஆட்டமாகத்தான் முதலில் தலைகாட்டியது.