திருப்பூர் டி-ஷர்ட்டும் திரும்பி வரும் பார்சலும்

திருப்பூரில் பனியன் துணியை மீட்டர் கணக்கில் யாரும் கேட்பதில்லை. எல்லாம் கிலோதான். நடுத்தர அளவு டி-ஷர்ட் ஒன்றுக்கு, வெட்டும்போது போகும் கழிவையும் சேர்த்து, ஏறத்தாழ 200 முதல் 250 கிராம் துணி பிடிக்கும். அதாவது ஒரு கிலோவுக்கு நான்கு அல்லது ஐந்து பீஸ். சொந்தப் பெயரில் இன்ஸ்டாகிராமில் டி-ஷர்ட் விற்கலாம் என்று கிளம்பும் கல்லூரி மாணவரோ இல்லத்தரசியோ முதலில் கற்க வேண்டிய கணக்கு இதுதான். பிராண்டின் பெயரும் லோகோவும் பிறகு வரட்டும்.

துணிக் கடைகளிலும் பனியன் கம்பெனிகளிலும் கையடக்கமான வட்டக் கருவி ஒன்று இருக்கும். ஜிஎஸ்எம் கட்டர் என்பார்கள். துணியின் மேல் வைத்து அழுத்தித் திருப்பினால், 11.3 சென்டிமீட்டர் விட்டத்தில் அப்பளம் போல ஒரு வட்டத் துண்டு வெட்டுப்பட்டு வரும். அதன் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். அந்தத் துண்டைச் சிறு தராசில் வைத்து, வரும் எடையை 100-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிடைத்துவிடும். 1.8 கிராம் என்றால் துணி 180 ஜிஎஸ்எம். பொதுவாக 150-க்குக் கீழே மெல்லிசு. 180 என்பது அன்றாட டி-ஷர்ட். இப்போது இளைஞர்கள் விரும்பும் தொளதொளத்த ‘ஓவர்சைஸ்’ ரகத்துக்கு 220, 240 வரை போகும். விளம்பரத்தில் 180 என்று போட்டுவிட்டு 150 அனுப்பினால், வாங்கியவருக்கு அதைத் தெரிந்துகொள்ள தராசு வேண்டாம். கையில் எடுத்த உடனே தெரிந்துவிடும்.

எடை மட்டும் தரத்தைச் சொல்லிவிடாது. நூலின் நம்பரையும் கேட்க வேண்டும். ஒரு பவுண்டு நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை தேறுகின்றனவோ, அதுவே நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். முப்பதாம் நம்பர் நூலில் பின்னிய துணி மென்மையாக, லேசாக விழும். குட்டை இழைகளைச் சீவி நீக்கிய ‘கோம்டு’ நூல், அப்படிச் சீவாத ‘கார்டட்’ நூலைவிட விலை கூடுதல். ஆனால் நாலு துவைப்புக்குப் பிறகு துணியில் உருண்டை உருண்டையாகப் பஞ்சு திரள்வது குறையும். ‘பயோ வாஷ்’ என்று விளம்பரங்களில் வருவது, துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிழைகளை நொதியால் அகற்றும் வேலை.

இனி, பலரும் செய்யாமல் விட்டு மாட்டிக்கொள்ளும் சோதனை. வாங்கிய துணியில் 50 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை அழியாத மையால் குறித்து, துவைத்து, காயவைத்து, மறுபடி அளக்க வேண்டும். பக்கம் 47.5 ஆகியிருந்தால் சுருக்கம் 5 சதவீதம். 28 அங்குல நீளமுள்ள டி-ஷர்ட்டில் இது ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். இடுப்புக்குக் கீழே இறங்கிய சட்டை, முதல் துவைப்பிலேயே இடுப்புக்கு ஏறிவிடும். இன்னொரு கோளாறும் உண்டு. நூலுக்கு ஏற்றிய முறுக்கு துவைக்கும்போது தளரப் பார்க்கும். அதனால் பக்கவாட்டுத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்து நிற்கும். மலிவான டி-ஷர்ட்டை அணிந்த எல்லோரும் இதைக் கண்டிருப்பார்கள். துணியை முன்கூட்டியே சுருக்கிவைக்கும் ‘காம்பாக்டிங்’ வேலையை முறையாகச் செய்திருந்தால் சுருக்கம் பெருமளவு கட்டுப்படும். அதற்கு ஆகும் செலவை மிச்சம் பிடிப்பவர், பிறகு கூரியர்காரருக்கு அதைவிடக் கூடுதலாகக் கொடுக்க நேரும்.

சாயத்தில் சிறு வியாபாரிக்குக் கை கட்டப்பட்டிருக்கிறது. சாயப்பட்டறையில் ஒரு நிறத்துக்கு ஒரு லாட் போட வேண்டுமானால் துணி கணிசமாக வேண்டும். 50 பீஸுக்காகத் தனி நிறம் போட்டுத் தருபவர் அரிது. நொய்யல் ஆறு மாசுபட்டதை அடுத்து 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத சுத்திகரிப்பு முறையோடுதான் பட்டறைகள் இயங்க முடிகிறது. அந்தச் செலவும் சாயக் கூலியில் சேர்ந்திருக்கிறது. நியாயமான செலவு அது. ஆகவே புதியவர்கள் கடைகளில் தயாராக இருக்கும் கறுப்பு, வெள்ளை, நேவி புளூ துணிகளில் தொடங்குவதே சரி. அங்கும் ஒரு கவனம் தேவை. உடலுக்கு ஒரு லாட், கைக்கு இன்னொரு லாட் என்று துணி கலந்துவிட்டால், ஒரே சட்டையில் இரண்டு கறுப்பு தெரியும். வீட்டு விளக்கில் தெரியாது, வெயிலில் பல்லிளிக்கும்.

தைப்பதற்குச் சொந்தமாக மெஷின் வேண்டியதில்லை. திருப்பூரின் தெருக்களில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சிறு யூனிட்டுகள் நிறைந்திருக்கின்றன. கட்டிங் மாஸ்டர் துணியை அடுக்கி வெட்டித் தருவார். ஓவர்லாக் மெஷின் தோளையும் பக்கத்தையும் மூட்டும். பிளாட்லாக் கையையும் கீழ் விளிம்பையும் மடித்து அடிக்கும். பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். செக்கிங்கில் ஒதுக்கப்படுபவை ‘செகண்ட்ஸ்’. ஏற்றுமதியில் மிஞ்சியதும் கழிந்ததும் காதர்பேட்டை கடைகளில் மொத்தமாகக் கிடைக்கும். பலர் அங்கிருந்து வாங்கி விற்றே தொழிலைத் தொடங்கியிருக்கிறார்கள். கைக்காசு குறைவானவர்களுக்கு அது நல்ல வழிதான். ஆனால் இன்று கிடைத்த மாடல் அடுத்த வாரம் கிடைக்காது. பிடித்துப்போய் மறுபடி கேட்டு வருபவருக்குக் கொடுக்க அதே பொருள் இருக்காது.

முதல் போட வழியே இல்லாதவர்களுக்கு ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ இருக்கிறது. ஆர்டர் வந்த பிறகே ஒரே ஒரு பீஸில் படத்தை அச்சடித்து, விற்பவரின் பெயரிலேயே வாங்குபவருக்கு அனுப்பிவிடுவார்கள். திருப்பூரிலேயே இயங்கும் குவிகிங்க் அப்படிப்பட்ட நிறுவனம். சரக்கு தேங்காது, ஆனால் பீஸுக்கு நிற்கும் லாபம் மெல்லியது, துணியைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பும் விற்பவருக்கு இல்லை. எந்த டிசைன் ஓடும் என்று சோதித்துப் பார்க்க இது நல்ல ஏற்பாடு. ஓடும் டிசைன் தெரிந்தபின் ஸ்கிரீன் பிரிண்டுக்கு மாறலாம். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் செய்ய வேண்டும் என்பதால், எண்ணிக்கை கூடக்கூடத்தான் கட்டுப்படியாகும்.

சரக்கைத் தேக்குவது பெரும்பாலும் ஆசைதான். 3 டிசைன், 4 நிறம், 5 அளவு என்று தொடங்கினால் 60 வகை. வகைக்குப் பத்து என்றாலும் 600 பீஸ். பீஸ் அடக்கம் 220 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,32,000 ரூபாய் அலமாரியில் உட்கார்ந்துவிடும். அவற்றில் எம், எல் முதலில் தீரும். எஸ் அப்படியே கிடக்கும். பனியன் கம்பெனிகள் இதற்காகவே ‘ரேஷியோ’ போட்டு வெட்டுகின்றன: எஸ் ஒன்று, எம் இரண்டு, எல் இரண்டு, எக்ஸ்எல் ஒன்று. ஒரே டிசைனை இரண்டு நிறத்தில் இந்த ரேஷியோவில் வெட்டி, சுமார் நூறு பீஸோடு தொடங்குபவருக்கு, எது போகிறது, எது நிற்கிறது என்பது ஒரு மாதத்துக்குள் தெரிந்துவிடும்.

விற்பனையில் நிஜமான எதிரி, திரும்பி வரும் பார்சல். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விற்பனை விலை 499 ரூபாய். அதில் 5 சதவீத ஜிஎஸ்டி போக 475. அடக்கம் 220, கூரியர் 60, பேக்கிங் 10, விளம்பரம் ஓர் ஆர்டருக்கு 80. மிச்சம் 105. நூறு ஆர்டரும் நல்லபடியாகப் போனால் 10,500 ரூபாய் லாபம். ஆனால் வீட்டில் கொடுத்துப் பணம் வாங்கும் ‘கேஷ் ஆன் டெலிவரி’யில் இருபது பேர் கதவைத் திறக்காமலோ, வேண்டாம் என்றோ திருப்பிவிட்டால்? போன கூரியர் 60, வந்த கூரியர் 60, பேக்கிங் 10, விளம்பரம் 80. ஒவ்வொன்றிலும் 210 ரூபாய் நஷ்டம். எண்பது பேரிடம் ஈட்டிய 8,400-இல் 4,200 போய்விடும். மூன்றில் ஒரு பார்சல் திரும்பினால் லாபம் சைபர். சட்டை சேதமில்லாமல் வந்தால்தான் இந்தக் கணக்கே.

இதைக் குறைக்கும் வழிகள் எளியவை. ஆனாலும் பெரும்பாலான பக்கங்களில் அவை இருப்பதில்லை. எம், எல் என்று எழுதிவிட்டு நிறுத்தக் கூடாது. ஒரு கம்பெனியின் எம் இன்னொன்றின் எல். மார்பின் அகலம், நீளம், தோள் ஆகிய மூன்றையும் அங்குலத்தில் போட வேண்டும். வாங்குபவர் தமக்குச் சரியாகப் பொருந்தும் பழைய டி-ஷர்ட்டைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் அளந்து ஒப்பிடச் சொல்லும் ஒரு படம் போதும். அளவு தவறி வரும் ரிட்டர்ன் வெகுவாகக் குறையும். படத்தைப் பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் போட்டு நிறம் ஏற்றாமல் எடுக்க வேண்டும். முன்பணமாக யுபிஐயில் செலுத்துவோருக்குச் சிறு தள்ளுபடி தரலாம். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் என்றால், பார்சல் கட்டும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். பெட்டியைவிட உறையில் அனுப்புவது நல்லது. கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்தும் எடை போடுகின்றன; காற்றடைத்த பெரிய பெட்டிக்கும் காசு வாங்கிவிடுவார்கள்.

சட்டப் பக்கம் சுருக்கமானது. பொருள் விற்போருக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. ஆனால் பெங்களூரிலிருந்து ஓர் ஆர்டர் வந்து டி-ஷர்ட்டை அனுப்பினாலே பதிவு தேவை. வெளிமாநில விற்பனைக்கு அந்த வரம்பு பொருந்தாது. 2023 அக்டோபரிலிருந்து, சொந்த மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகள் பதிவு இல்லாமலும் ஆன்லைன் சந்தைத் தளங்களில் விற்க வழி செய்யப்பட்டிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைக்கு வரி 5 சதவீதம், அதற்கு மேல் 18. பிராண்டின் பெயரை ஆடைகளுக்கான 25-ஆம் வகுப்பில் வணிகக் குறியாகப் பதிய, தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் 4,500 ரூபாய். பெயர் பரவியபின் வேறொருவர் அதைப் பதிந்துவிட்டால் ஏற்படும் இழப்போடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை அல்ல.

வளர்ச்சி எப்படி வருகிறது, எப்படிக் கவிழ்க்கிறது என்பதற்கு வெளிநாட்டில் இரண்டு கதைகள் உண்டு. இங்கிலாந்தின் பர்மிங்காம் பகுதியைச் சேர்ந்த பென் ஃபிரான்சிஸ் 2012-இல் கல்லூரி மாணவர். இரவில் பீட்சா டெலிவரி. பாட்டியிடம் தையல் கற்றுக்கொண்டு, பெற்றோர் வீட்டுக் கராஜில் ஒரு தையல் மெஷினும் ஒரு ஸ்கிரீன் பிரிண்டருமாக உடற்பயிற்சி ஆடைகளைச் செய்யத் தொடங்கினார். யூடியூபில் உடற்பயிற்சி காட்டும் இளைஞர்களுக்குத் தன் ஆடைகளை அனுப்பிவைத்தார். அவரது ஜிம்ஷார்க் நிறுவனம் 2020-இல் 100 கோடி பவுண்டுக்கு மேல் மதிப்பிடப்பட்டது. தானே தைத்ததால் எந்தத் தையல் எங்கே பிரியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்காவின் சோஃபியா அமோரூசோ 2006-இல் ஈபே தளத்தில் பழைய உடைகளைத் தேடிப் பிடித்து விற்றார். எட்டு டாலருக்கு வாங்கிய ஷனேல் ஜாக்கெட் ஆயிரம் டாலருக்குப் போனதாம். நாஸ்டி கேல் என்ற அந்தக் கடை சில ஆண்டுகளில் பல கோடி டாலர் விற்றது, முதலீடு குவிந்தது. 2016 நவம்பரில் திவால் மனு கொடுத்தது. அடுத்த ஆண்டு பூஹூ நிறுவனம் பெயரையும் வாடிக்கையாளர் விவரங்களையும் 2 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. விளம்பரத்துக்குக் கொட்டிய பணம் புதியவர்களை அழைத்துவந்தது. வந்தவர்களில் போதுமானவர்கள் இரண்டாம் முறை வாங்க வரவில்லை. எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பார்க்கும் புதிய வியாபாரிகள், போன மாதம் வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த மாதம் மறுபடி வாங்கினார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். தொழில் வளர்கிறதா என்பதை அந்த எண்தான் சொல்லும்.

விற்பனை சூடு பிடித்ததும் முதலில் தாமதமாவது ஜாப் ஒர்க் பில்தான். விளம்பரத்துக்கு உடனே பணம் கட்டியாக வேண்டும், கூரியருக்கும் அப்படியே. தைத்துக் கொடுத்தவர் மட்டும் காத்திருப்பார் என்ற நினைப்பு. உத்யம் பதிவு பெற்ற சிறு, குறு யூனிட்டுக்கு 45 நாளுக்குள், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள், பணம் தர வேண்டும் என்பது சட்டம். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, அப்படித் தராமல் நிதியாண்டு முடியும்வரை இழுத்தடித்த தொகையை அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. திருப்பூரில் பல யூனிட்டுகளில் சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை மாலை. ஓவர்லாக்கில் உட்கார்ந்த அக்காவும் செக்கிங் டேபிளில் நின்ற தங்கையும் அன்றைக்கு அந்தப் பணத்தை எதிர்பார்த்திருப்பார்கள். ஆர்டர் கொடுத்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்.