மக்கள் கல்லூரிக்குப் போகையில் பெற்றோர் உள்ளம்

ஆனி பிறந்துவிட்டால் நம் வட்டாரத்தில் இரு வகைப் பயணங்கள் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. மாங்காய் ஏற்றிய வண்டிகள் கூழ் ஆலைகளை நோக்கிப் போகின்றன. பெட்டியும் படுக்கையுமாகப் பிள்ளைகள் கல்லூரிகளை நோக்கிப் போகின்றனர். முன்னதன் வரவு செலவு ஏட்டில் ஏறிவிடுகிறது. பின்னதால் பெற்றோர் உள்ளத்தில் ஏற்படும் வரவு செலவை எவரும் எழுதுவதில்லை. அதனைப் பற்றியே உறுப்பினர் பெருமக்களிடம் சில சொல்ல விழைகிறோம்.

பிள்ளை கல்லூரிக்குப் போவது பெற்றோருக்குப் பெருமகிழ்ச்சி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அம்மகிழ்ச்சியின் ஓரத்தில் வேறொன்றும் ஒட்டியிருப்பதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். தமக்குக் கிட்டாத ஒன்று தம் மக்களுக்குக் கிட்டுகிறதே என்னும் ஏக்கம் அது. சில வேளைகளில் அது பொறாமை என்னும் பெயருக்கும் உரியதாகிவிடுகிறது. பெற்ற பிள்ளைமீது பொறாமையா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பெயர் கொடியதாயினும் உணர்ச்சி இயல்பானதே. பசித்திருக்கும் தாய் பிள்ளைக்குச் சோறிடும்போது தன் பசியையும் உணர்கிறாள். அதனால் அவள் சோறிட மறுப்பதில்லை.

நாம் ஆய்வுக்குச் சென்றிருந்த நெசவாளர் சங்கம் ஒன்றில், கூலி வாங்க வந்திருந்த அம்மையார் ஒருவர் கூறியது இது: “பொண்ணு காலேஜுக்குப் போறது பெருமைதான் சார். லீவுல வந்தா, அவ தூங்கினப்புறம் அவ புஸ்தகத்தை எடுத்துப் பார்த்துக்கிட்டே இருப்பேன். நானும் எட்டாவது வரைக்கும் படிச்சவதான். அதோட நிறுத்திட்டாங்களேன்னு இப்பத்தான் கோவம் வருது. யார் மேலேன்னுதான் தெரியலை.” பதின்மூன்றாம் வயதில் தறியில் அமர்ந்தவர் அவர். இதுவரை தார் சுற்றிக் கொடுத்துவந்த மகள் விடுதிக்குப் போய்விட்டமையால் அவ்வேலையும் இப்போது அவர் கைக்கே வந்திருக்கிறது. யார்மீது என்று தெரியாத கோபம், அருகில் இருப்பவர்மீதே விழும் என்பது உலகியல்.

இவ்வேக்கம் நம் பகுதியில் மிகுந்திருப்பதற்குக் காரணம் உண்டு. கல்லூரி என்பது நெடுங்காலம் இங்கே எட்டாத பொருளாக இருந்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டில் பிறந்த இராஜாஜி, ஓசூரில் பள்ளிக்கல்வி பெற்றுப் பின்னர் மைசூர் சீமைக்குள் சென்று பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பயின்றார். அவர் தந்தையார் கிராம முனிசீப், அனுப்ப இயன்றது. தறிக்காரர் வீட்டுக்கும் மானாவாரிக் குடியானவர் வீட்டுக்கும் அப்பாதை திறக்க இன்னும் பல தலைமுறைகள் ஆயின. கிருஷ்ணகிரியில் அரசு கலைக் கல்லூரி 1964இல் வந்தது. பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி 1994இல் வந்தது. அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பெற்றது. இதற்கிடையே, 1971இல் அமைந்த சிப்காட் நிறுவனத்தின் வழியே ஓசூர் தொழில் நகராயிற்று. 1980களில் வாகன ஆலைகளும் கைக்கடிகார ஆலையும் வளர்ந்தன. அந்நாளில் இளைஞராக இருந்தவர்களை ஆலை வாயில் ஒருபுறம் அழைத்தது, தறியும் தோட்டமும் மறுபுறம் இழுத்தன. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் பலர். தெலுங்கிலும் கன்னடத்திலும் பள்ளிப்பாடம் படித்து, மேற்படிப்புக்கு எங்கே போவது என்று திகைத்து நின்றவரும் உண்டு. அறிவுக் குறையால் நின்றவர் அல்லர் இவர்கள். வாயில் திறப்பதற்குச் சில ஆண்டுகள் முந்திப் பிறந்துவிட்டவர்கள்.

இவ்வேக்கத்தைக் கூர்மைப்படுத்தும் தாள் ஒன்றும் உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் தொழிற்கல்லூரிக் கல்விக் கட்டணத்தில் சலுகை தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2010இல் கொண்டுவந்தது. அச்சலுகைக்குரிய சான்றிதழைப் பெற, குடும்பத்தில் இதற்குமுன் எவரும் பட்டம் பெறவில்லை என்று உறுதி கூறவேண்டும். தந்தை கையெழுத்திடுகிறார். தம் வாழ்வின் பெருங்குறையைத் தம் கையாலேயே எழுதிக் கொடுக்கிறார். அக்குறையே பிள்ளைக்கு உதவித்தொகையாக மாறுகிறது. அவ்விடத்தில் பேனா சிறிது தயங்கினால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதே நம் கருத்து.

ஆயின், சொல்லப்படாத ஏக்கம் வேறு உருவங்களில் வெளிப்படுகிறது. “எங்கள் காலத்தில் இந்த வசதியெல்லாம் இருந்ததா?” என்று நாள்தோறும் இடித்துரைப்பது ஒன்று. தாம் படிக்க விரும்பிய படிப்பையே பிள்ளைமீது சுமத்துவது மற்றொன்று. “படித்தவர்களோடு நமக்கு என்ன பேச்சு?” என்று ஒதுங்கிக்கொள்வது மூன்றாவது. மூன்றாலும் நட்டம் இருவர்க்கும் உண்டு. விடுமுறைக்கு வரும் பிள்ளை, கல்லூரியில் நடந்தவற்றைச் சொன்னால் தாய் வருந்துவாளோ என்று அஞ்சி வாய் மூடிக்கொள்கிறது. தாயோ, படித்ததும் நம்மை மறந்துவிட்டது என்று எண்ணுகிறாள். ஏட்டில் எழுதப்படாத கடன் அழிந்துவிடுவதில்லை, வட்டியோடு வளர்கிறது.

ஆகவே முதலாவது யோசனை: தம் கதையைப் பிள்ளையிடம் ஒருமுறை அமைதியாகச் சொல்லிவிடுக. குறையாகவும் கடனாகவும் அன்று, நடந்தது நடந்தபடி. எந்த வகுப்பில் நின்றோம், ஏன் நின்றோம், எதைப் படிக்க ஆசைப்பட்டோம் என்பதைப் பிள்ளை அறிந்திருப்பது நன்று. பின்னர் வாரம் ஒருமுறை, தான் கற்றதில் ஒன்றைப் பெற்றோருக்கு விளங்கச் சொல்லுமாறு பிள்ளையைக் கேட்கலாம். பிறர்க்கு விளங்கச் சொல்ல முயலும்போது பாடம் தனக்கும் தெளிவாகும்.

இரண்டாவது யோசனை: தம் வாயில் இன்னும் அடைபடவில்லை என்பதை உறுப்பினர் உணர்தல் வேண்டும். 2002இல் தோற்றுவிக்கப்பெற்ற தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வேலை பார்த்துக்கொண்டே படிக்க விரும்புவோருக்கென அமைந்தது. தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியே வயது வந்தோரும் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். கேரளத்தில் கார்த்தியாயினி அம்மாள் என்னும் மூதாட்டியார் 2018இல், தம் 96ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100க்கு 98 மதிப்பெண் பெற்றார். நாற்பத்தைந்து வயதுக்காரர் காலம் போயிற்று என்பது எங்ஙனம் பொருந்தும்?

இது கூட்டுறவுக்குப் புறம்பான செய்தியன்று. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நம் இயக்கத்துக்கு வழிகாட்டிய சங்கத்தைத் தொடங்கிய 28 பேருள் நெசவாளர் பலர். மாவும் வெண்ணெயும் விற்கத் தொடங்கிய அவர்கள், பின்னர்ப் படிப்பகம் அமைத்தனர். ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென ஒதுக்கினர். அக்கல்வி பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. பள்ளியை இழந்த பெரியவர்களுக்கும் உரியது. நம் நாட்டுச் சங்கங்கள் நிகர ஆதாயத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதி செலுத்திவருவதும் அம்மரபின் தொடர்ச்சியே.

மூன்றாவது யோசனை பணத்தைப் பற்றியது. ஏக்கம் மிகுந்த பெற்றோர், பிள்ளைக்கு எதுவும் குறையக்கூடாது என்று கந்துவட்டிக்கும் துணிகின்றனர். மாங்காய் வரத்து மிகுந்து விலை சரியும் மாதத்திலேயே கல்லூரிக் கட்டணமும் கட்டவேண்டியிருப்பது நம் விவசாயிகளுக்குத் தனித் துன்பம். பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே, நெய்கூலியிலும் மகசூலிலும் ஒரு சிறு பகுதியைச் சங்கத்தில் தொடர் வைப்பாகப் போட்டுவருதல் நலம். அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியர்க்கு மாதம் ரூ.1,000 அளிக்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்க்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பெற்றன. இத்தகைய உதவிகளுக்குரிய விதிகளை விண்ணப்பிக்கும் காலத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்ளவேண்டும்.

சங்கத்தின் பேரவைக் கூட்டங்களில் லாபப் பங்கீடும் கடன் நிலுவையும் பேசப்படுகின்றன. இவ்வாண்டு அவற்றோடு, உறுப்பினருள் படிக்க விரும்புவோர் யார் யார் என்று ஒரு பட்டியலும் எடுக்கப்படுமாயின் நலம். சங்கக் கட்டடத்தில் மாலையில் ஒரு மணி நேரம் விளக்கும், நாலைந்து நாற்காலிகளும், விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் கல்லூரிப் பிள்ளை ஒருவரும் போதும். சொல்லிக்கொடுப்பது பிள்ளையாகவும் கற்றுக்கொள்வது பெற்றோராகவும் அமையும் அவ்வகுப்பில் பொறாமைக்கு இடமிராது. அவ்வம்மையார் போன்றோர் பட்டியலில் முதற்பெயராக இடம்பெறுதல் வேண்டும் என்பது நம் விருப்பம்.