வறண்ட மலையில் ஓர் இரவு

பரீட்சை முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் நம் வீடுகள் பலவற்றில் ஒரு விண்ணப்பம் எழுகிறது. "அத்தா, நாங்கள் நான்கு பேர் கொல்லிமலைக்குப் போய்க் கூடாரம் அடித்து, ஓர் இரவு தங்கிவிட்டு வருகிறோம்."

கேட்டதும் தாயின் முகம் வாடிவிடும். "அதெல்லாம் வேண்டாம்" என்று தந்தை ஒரே சொல்லில் முடித்துவிடுவார். மகன் மனத்தாங்கலோடு எழுந்து போவான். சில வேளைகளில், பெற்றோரிடம் சொல்லாமலே புறப்பட்டும் போவான். இந்த இரண்டாவது நிலைதான் ஆபத்தானது. ஆகவே "வேண்டாம்" என்று சொல்வதற்கு முன், "எப்படிப் போகிறாய்?" என்று கேட்டுப் பார்ப்பது நன்று. அப்படிக் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு உண்டு.

நம் நிலத்தின் இயல்பு

சேலம், நாமக்கல் சமவெளி பாலைவனமன்று. காவிரியும் திருமணிமுத்தாறும் ஓடும் மண் இது. எனினும் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் பூமி. சித்திரை, வைகாசியில் வெயில் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது இங்கே புதிதன்று. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் உச்சி குளிர்ந்திருக்கும். அடிவாரச் சரிவுகளோ முள்ளும் கள்ளியும் பாறையுமாய்க் காய்ந்து கிடக்கும். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளில் கொல்லிமலைக்கு ஏறியவர்கள் இந்த மாற்றத்தைக் கண்ணால் கண்டிருப்பார்கள். இராசிபுரத்தை அடுத்த போதமலையில் நெடுங்காலம் சாலையே இல்லாமல், தேர்தல் நாட்களில் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தலைச்சுமையாகக் கொண்டு சென்றதையும் நாம் அறிவோம்.

ஆகவே, பாலைவனத்தில் தங்குவோருக்கு உரிய ஒழுங்குகள் நமக்கும் பொருந்தும்.

முதற்கேள்வி: தண்ணீர் எவ்வளவு?

கல்லூரி நாட்களில் நானும் இரு நண்பர்களும் இராசிபுரத்துக்கு அப்பாலுள்ள ஒரு கரட்டின் மேல் இரவு தங்கப் போனோம். பங்குனி மாதம். மேலே ஓர் ஊற்று உண்டு என்று யாரோ சொன்னதை நம்பி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் மட்டுமே எடுத்துச் சென்றோம். ஏறி முடிப்பதற்குள் பாட்டில்கள் காலியாகிவிட்டன. ஊற்று இருந்த இடத்தில் காய்ந்த பாசியும் வெடித்த களிமண்ணுமே இருந்தன. நண்பன் ஒருவனுக்குத் தலைவலி தொடங்கியது; பிறகு வாந்தி; பிறகு பேச்சு குழறிற்று. நிழலில் அவனைக் கிடத்திவிட்டு, செய்வதறியாது நின்றோம்.

கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்கள் கூக்குரல் கேட்டு ஏறி வந்தார். தம் தூக்குச்சட்டியிலிருந்த நீராகாரத்தைச் சிறிது சிறிதாக அவனைப் பருகச் செய்தார். "பங்குனியில் இந்த ஊற்றில் தண்ணீர் ஏது தம்பி? ஆடே இந்தப் பக்கம் வராதே" என்றார். ஆட்டுக்குத் தெரிந்தது, பட்டப் படிப்புப் படித்துக்கொண்டிருந்த எங்களுக்குத் தெரியவில்லை. அல்லாஹ்வின் அருளால் அன்று உயிருடன் இறங்கினோம்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையில், பிக் பெண்ட் என்னும் பாலைவனத் தேசியப் பூங்கா உள்ளது. 1944இல் நிறுவப்பெற்ற இப்பூங்காவின் பரப்பு எட்டு லட்சம் ஏக்கருக்கு மேல். அதன் உட்பகுதியில் இரவு தங்குவோர் முன்னதாக அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், அதாவது ஏறத்தாழ நான்கு லிட்டர் தண்ணீர் வைத்திருக்க வேண்டும் என்றும், ஊற்றுகளை நம்பலாகாது என்றும் அங்கே அறிவுறுத்துகிறார்கள்.

இக்கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாம். நான்கு இளைஞர்கள் இரண்டு நாள் தங்கினால் 32 லிட்டர் வேண்டும். அதன் எடை 32 கிலோ. தலைக்கு எட்டு கிலோ தண்ணீரையே சுமந்து ஏற வேண்டும். இது முடியாதெனில், குழாயோ கிணறோ உள்ள ஊரை ஒட்டித் தங்குவதே அறிவுடைமை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்த கரைசல், சோர்வுக்கும் வாந்திக்கும் கைகண்ட உதவி. தலைசுற்றலோ குழப்பமோ கண்டால் நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, உடனே மருத்துவ உதவியை நாட வேண்டும்.

கையிலுள்ள நீர் குடிப்பதற்கு மட்டுமே போதுமெனில், ஒளூவுக்குப் பதிலாகத் தயம்மும் செய்ய நமது மார்க்கம் இடமளித்துள்ளது. உயிர் காக்கும் நீரின் மதிப்பை இதைவிடத் தெளிவாக உணர்த்த இயலுமா?

இரண்டாம் கேள்வி: எங்கே படுப்பாய்?

மணல் பரந்த ஓடைப் படுகை, படுக்க மெத்தை போல் தோன்றும். ஆனால் மலைமேல் கோடை மழை கொட்டினால், நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாமலே ஓடையில் வெள்ளம் பாய்ந்து வரக்கூடும். வறண்ட ஓடையில் ஒருபோதும் படுக்கலாகாது.

இரவில் தங்குவோர் பாதையை விட்டு விலகித் தங்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள்; இரவில் பாதை பிராணிகளும் ஊர்வனவும் நடமாடும் இடம் என்பதே காரணம். நம் பகுதியில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் உண்டு. கட்டுவிரியன், தரையில் உறங்குவோரை இரவில் தீண்டும். வலி பெரிதாகத் தெரியாததால் பலர் அதை அறிவதில்லை. ஆகவே நன்றாக மூடக்கூடிய கூடாரம் வேண்டும். காலணியை உதறிவிட்டே அணிய வேண்டும். கைவிளக்கு இல்லாமல் ஓரடியும் வைக்கலாகாது. தீண்டிவிட்டால் கீறுவதோ உறிஞ்சுவதோ இறுகக் கட்டுவதோ கூடாது. தீண்டப்பட்டவரை நடக்கவிடாமல், 108 ஆம்புலன்சை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மூன்றாம் கேள்வி: நெருப்பு மூட்டுவாயா?

முகாம் என்றாலே நெருப்பைச் சுற்றி அமர்வது என்று திரைப்படங்கள் நம் பிள்ளைகளை நம்ப வைத்துவிட்டன. பிக் பெண்ட் பூங்காவில் தரையில் தீ மூட்டுவதற்கே தடை உண்டு. நமக்கு இதை உணர்த்த வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. 2018 மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டம் குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சென்றிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல்லும் காற்றும் சேர்ந்தால், ஓடுகிறவரைத் தீ முந்திவிடும். அதன் பின்னரே மலையேற்றத்துக்கு மாநில அரசு தனி விதிகளை வகுத்தது.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுத் தீக் காலம் என்று கருதி, வனத்துறை மலையேற்றத்தை நிறுத்தி வைப்பது வழக்கம். நம் பிள்ளைகள் ஆசைப்படுவதோ, பரீட்சை முடிந்த கையோடு, பெரும்பாலும் அந்நாட்களை ஒட்டித்தான்! அரையாண்டு விடுமுறை வரும் டிசம்பர் இறுதியே இதற்கு ஏற்ற பருவம். அப்போதும் சமைத்த உணவைக் கட்டிக்கொண்டு போவதே மேல். உறங்குமுன் நெருப்பை அணைத்துவிட வேண்டும் என்ற நபிமொழி வீட்டிற்கு மட்டும் உரியதன்று.

நான்காம் கேள்வி: யாரிடம் கேட்டாய், யாரிடம் சொன்னாய்?

காப்புக் காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது சட்டப்படி குற்றம். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்னும் மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கி, 40 வழித்தடங்களை வகுத்தது. முன்பதிவு செய்து, அந்தந்த மலையை அறிந்த உள்ளூர் வழிகாட்டிகளுடன் செல்லும் ஏற்பாடு இது. காட்டை அறிய விரும்பும் பிள்ளைக்கு இதுவே நேர்வழி.

மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுமாறு நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. "திரும்பிவிடுவோம்" என்று அவர் சொன்னால் மற்றவர் மறுபேச்சின்றித் திரும்ப வேண்டும். போகும் பாதை, உடன் வருவோர் பெயர், திரும்பும் நேரம் மூன்றையும் தாளில் எழுதி வீட்டில் வைத்துச் செல்ல வேண்டும். மலையில் செல்போன் எல்லா இடத்திலும் எடுப்பதில்லை. அந்தத் தாளே தேடி வருவோருக்கு வழிகாட்டி. கொண்டு சென்ற காகிதமும் பிளாஸ்டிக்கும் நம்முடனே திரும்பி வர வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல்

நட்சத்திரங்களின் கீழ் ஓர் இரவு, படைத்தவனின் ஆற்றலை எண்ணிப் பார்க்க நல்ல வாய்ப்பு. அதை முற்றிலும் மறுக்க வேண்டியதில்லை. முதலில் நம் தோட்டத்திலோ உறவினர் வயலிலோ ஓரிரவு தங்கிப் பழகட்டும். அறுவடையான வயலில் பட்டி போட்டு, இரவெல்லாம் ஆட்டைக் காக்கும் மக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் அரை மணி நேரம் பேசினாலே, காற்றும் இருளும் பாம்பும் பற்றிப் பல பாடங்கள் கிடைக்கும்.

அன்று எங்களுக்கு நீர் தந்த பெரியவரின் பெயரைக்கூட நாங்கள் கேட்டு வைக்கவில்லை. என் மகன் கூடாரம் வேண்டுமென்று கேட்டபோது அவர் முகமே என் நினைவுக்கு வந்தது. "வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. "தண்ணீர் எவ்வளவு?" என்று கேட்டேன். அவன் விழித்தான். நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிக்கொண்டு டிசம்பரில் வா என்றேன்.