கொட்டாமல் வைத்த கசடு

மான்செஸ்டர் நகரின் மேற்கே, கப்பல் கால்வாயை ஒட்டி டேவிஹியூம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. 1894-ல் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. ஆலைகள் மலிந்த ஊர் என்பதால் வீட்டுச் சாக்கடையோடு தொழிற்சாலைக் கழிவும் சேர்ந்தே வரும். உலகெங்கும் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் முறை ஒன்று இங்கேதான் உருவானது.

1912-ல் வேதியியலாளர் கில்பர்ட் ஃபவுலர் அமெரிக்காவில் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்க்கும் சோதனைகளைக் கண்டு திரும்பினார். (இதே ஃபவுலர்தான் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார்.) அவர் தந்த யோசனையை டேவிஹியூமில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் இருவரும் பாட்டில்களில் செய்து பார்த்தார்கள். முதல் பாட்டிலில் அம்மோனியா முழுவதும் நைட்ரேட்டாக மாறித் தெளிய ஏறக்குறைய ஐந்து வாரம் பிடித்தது. அந்த வேகத்தில் ஒரு நகரத்தின் சாக்கடையைத் தேக்கி வைக்க ஏரிதான் வேண்டும்!

வழக்கப்படி பாட்டிலைக் கழுவியிருக்க வேண்டும். அவர்களோ தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய கசட்டின் மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். தயிருக்கு உறை வைப்பது போலத்தான். ஒவ்வொரு முறையும் நேரம் குறைந்தது. கடைசியில் சில மணி நேரமே போதுமென்றாயிற்று. 1914 ஏப்ரலில் முடிவுகளை வெளியிட்டார்கள்.

கசடு என்பது பெரும்பாலும் பாக்டீரியாக் கூட்டம். கழிவு அதற்கு இரை. கழிவிலுள்ள அம்மோனியாவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாக்கள் மிக மெதுவாகவே பெருகும். ஐந்து வாரக் காத்திருப்பு அதனால்தான். ஆகவே நிலையங்களில் காற்றூட்டும் தொட்டியிலிருந்து வரும் நீரை அடுத்த தொட்டியில் தெளியவிட்டு, படிந்த கசட்டில் பெரும்பகுதியை முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். தண்ணீர் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். உயிரிகளோ பல நாள் தங்கி வேலை செய்யும்.

தொழில் நகரத்தில் இந்த உயிரிகளுக்கு ஆபத்து அதிகம். யாரோ ஒருவர் அமிலத்தையோ உலோகக் கழிவையோ மொத்தமாகத் திறந்துவிட்டால் கூட்டமே செத்துப்போகும். இழைப் பாக்டீரியா மிகுந்தாலும் தொல்லைதான், கசடு படியாமல் மிதக்கும். கசடு சரியாகப் படிகிறதா என்று அறிய நிலையங்களில் இன்றும் எளிய சோதனையே நடக்கிறது: ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் தொட்டி நீரை எடுத்து, 30 நிமிடம் அசையாமல் வைத்து, எவ்வளவு படிந்தது என்று பார்ப்பார்கள்.

உயிரிகள் பெருகப் பெருகக் கசடு மிஞ்சும். மான்செஸ்டர் அதைக் கப்பலில் ஏற்றி ஐரிஷ் கடலில் கொட்டி வந்தது, 1998 வரை. இப்போது காற்றுப் புகாத தொட்டிகளில் அதை நொதிக்கவிட்டு, கிடைக்கும் மீத்தேனில் மின்சாரம் எடுக்கிறார்கள்.