பிளஸ் டூ முடியும்வரை காத்திருக்க வேண்டாம்: நம் பிள்ளைகளுக்கான கல்வி உதவிகள்

பொதுத்தேர்வு முடிவுகள் வரும்போது தேர்ச்சி விகிதத்தில் விருதுநகர் மாவட்டம் முன்வரிசையில் நிற்பது நமக்குப் பழகிய செய்தி. சூலக்கரையிலும் சிவகாசியிலும் பட்டாசு, தீப்பெட்டி, அச்சக வேலைக்குச் செல்லும் குடும்பங்களிலிருந்தும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். ஆனால் நம்மில் பலர் கல்லூரிக் கட்டணம் கட்டும் நேரத்தில்தான் உதவித்தொகையைத் தேடுகிறோம். அதற்குள் பல வாய்ப்புகள் கைநழுவி விடுகின்றன.

சிறுபான்மை மாணவர்களுக்கு மத்திய அரசு வழங்கிய ப்ரீ மெட்ரிக் உதவித்தொகை, 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2022இல் நிறுத்தப்பட்டது. மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் அதே ஆண்டு நின்றது. எனவே எல்லாச் சமுதாயத்தினருக்கும் பொதுவான திறனறித் தேர்வுகளில் நம் பிள்ளைகளும் போட்டியிட வேண்டும்.

8ஆம் வகுப்பு: அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதலாம். குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய்.

10, 11ஆம் வகுப்புகள்: 10ஆம் வகுப்பு படிக்கும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு உண்டு. 500 மாணவர்கள், 500 மாணவிகள் தேர்வு செய்யப்படுகிறார்கள். இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய் கிடைக்கும். கேள்விகள் 9, 10ஆம் வகுப்புக் கணிதம், அறிவியல், சமூக அறிவியலிலிருந்து வரும். 11ஆம் வகுப்பில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வைத் தனியார் பள்ளி மாணவர்களும் எழுதலாம். தேர்வாகும் 1,500 பேருக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் 1,500 ரூபாய்.

கல்லூரியில்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல், சட்டம், வேளாண்மை போன்ற படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. இதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். ஆகவே ஒன்பதாம் வகுப்பில் பிள்ளையைக் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு மாற்றும் முன் யோசியுங்கள். அந்த மாற்றத்தால் 7.5 விழுக்காட்டு உரிமையே போய்விடலாம்.

சான்றிதழ்கள்: 2007 முதல் நமக்குள்ள 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்கு, பி.சி. முஸ்லிம் என்று குறிப்பிட்ட சாதிச் சான்றிதழ் தேவை. மத்திய அரசு நிறுவனங்களுக்கு அது போதாது, ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். குடும்பத்தில் முதலில் பட்டம் படிக்கப்போகும் பிள்ளைக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் கலந்தாய்வு மூலம் சேரும்போது கல்விக் கட்டணச் சலுகைக்கு அது உதவும்.

பட்டாசு விபத்தில் இறந்த தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வரையிலான செலவை அரசே ஏற்கும் என்றும், அதற்காக 5 கோடி ரூபாய் நிதி ஒதுக்கப்படும் என்றும் 2024 நவம்பரில் விருதுநகரில் முதலமைச்சர் அறிவித்தார். உங்கள் தெருவில் அப்படியொரு குடும்பம் இருந்தால், எந்தச் சமுதாயமாக இருந்தாலும், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தேர்வுத் தேதிகளை ஒட்டுவதற்கும், படித்த இளைஞர்கள் இருவர் அமர்ந்து விண்ணப்பம் நிரப்பித் தருவதற்கும் பெரிய செலவில்லை. ஒவ்வொரு ஜமாஅத்தும் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.