எதிரே வருவோர் கண்ணும் நமது விளக்கும்

ஆடிக் கிருத்திகைக்கு முந்திய இரவில் திருத்தணிச் சாலையைக் கண்டவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். நகரி, புத்தூர்ப் பக்கமிருந்தும் அரக்கோணம், திருவள்ளூர்ப் பக்கமிருந்தும் காவடி ஏந்திய அடியார்கள் மலையை நோக்கிச் சாரிசாரியாக நடந்து வருவார்கள். மடியில் குழந்தையோடு தாய்மார், தடியூன்றிய முதியோர் என எல்லாரும் அக்கூட்டத்தில் உண்டு. சென்னைக்கும் திருப்பதிக்கும் இடையே ஓடும் பேருந்துகளுக்கும் லாரிகளுக்கும் அதே சாலைதான். அத்தகைய ஓர் இரவில் நமது காரின் ஒளி முகத்தில் அடிக்கவே, முதியவர் ஒருவர் கையால் கண்களை மறைத்தபடி சாலையோரப் பள்ளத்தில் இடறினார். உடன் வந்த இளைஞர் தாங்கிப் பிடித்திராவிடில் விழுந்தே இருப்பார். நாமோ விளக்கைத் தாழ்த்தித்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம்! பிழை எங்கே என்பது வீடு வந்து சேரும்வரை விளங்கவில்லை.

பத்து நாள்களுக்கு முன்புதான் பழைய ஹாலஜன் பல்புகளைக் கழற்றிவிட்டு, இணை எண்ணூறு ரூபாய்க்கு எல்.இ.டி. பல்புகளை மாட்டியிருந்தோம். ‘வீட்டில் 60 வாட் குண்டு பல்பு செய்த வேலையை இன்று 9 வாட் எல்.இ.டி. செய்கிறதே, காருக்கும் அது ஆகாதா?’ என்பதே நமது எண்ணம். 2015இல் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கியபின் ஏழை எளியவர் குடிசைகளிலும் அந்த வெண்ணொளி புகுந்துவிட்டது. நீல ஒளி தரும் டயோடைக் கண்டறிந்து இதற்கு வழிவகுத்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர்க்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. கண்டுபிடிப்பில் குறையொன்றும் இல்லை. அதனை நாம் பொருத்திய இடத்தில்தான் குறை.

வீட்டு விளக்கு நாற்புறமும் ஒளி பரப்பினால் போதும். கார் விளக்கின் வேலை அதுவன்று. நம்மவர் கார்கள் பலவற்றில் உள்ள எச்-4 என்னும் ஹாலஜன் பல்பை எடுத்துக்கொள்வோம். அதனுள் இரண்டு இழைகள் உண்டு. ஒன்று 60 வாட், மற்றது 55 வாட். தாழ்ந்த ஒளிக்குரிய இழையின் கீழே சிறு கரண்டி போன்ற ஓர் உலோகத் தடுப்பு இருக்கும். அது கீழ்ப்பக்கம் செல்லும் ஒளியை மறித்துவிடும். எனவே குழியாடியின் மேற்பாதியில் மட்டும் ஒளி பட்டுச் சாலையை நோக்கிச் சரியும். இவ்வமைப்பெல்லாம் இழை நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அது ஓரிரு மில்லிமீட்டர் விலகினாலே கதிர்கள் சிதறி, எதிரே வருபவர் கண்ணுக்கு ஏறிவிடும். மலிவான எல்.இ.டி. பல்பிலோ தடித்த தகடு ஒன்றின் இருபுறமும் ஒளிச்சில்லுகளை ஒட்டியிருக்கிறார்கள். இழை இருந்த இடத்தில் அவை இருப்பதில்லை, தடுப்பும் பெயரளவுக்கே. நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியருள் ஐவருக்கு எண்ணெய் போதாமையே தொல்லையாயிற்று. நமக்கோ ஒளி வழிதவறியதே தொல்லை.

நாம் வாங்கிய பெட்டியின்மீது ‘200 வாட், 20,000 லூமென்’ என்று பொறித்திருந்தது. 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஒரு பல்பு 200 வாட் எடுப்பதாயின், 16 ஆம்பியருக்கு மேல் மின்சாரம் பாயவேண்டும். விளக்குக்கென வைத்துள்ள 10 அல்லது 15 ஆம்பியர் பியூஸ் அதைத் தாங்காது. பியூஸ் போகாமல் பல்பு எரிந்ததே பெட்டியின் பொய்க்குச் சாட்சி! நல்ல ஹாலஜன் எச்-4 பல்பின் உயர்ந்த ஒளியே ஏறத்தாழ 1,650 லூமென்தான். தாழ்ந்த ஒளி 1,000.

இனி வெப்பத்தின் கதை. ஹாலஜன் பல்பு தன் வெப்பத்தின் பெரும்பகுதியைக் கதிராக முன்னோக்கி வீசிவிடும். எல்.இ.டி.யின் வெப்பமோ சில்லின் அடியிலேயே தங்கும். அதனைப் பின்புறம் இழுத்து வெளியேற்ற அலுமினியச் செதில்களோ சிறு விசிறியோ வேண்டும். மலிவுப் பொருளில் முதலில் குறைக்கப்படுவது இதுவே. சித்திரை வெயிலில் என்ஜின் சூட்டோடு அடைபட்ட பல்பு மங்கிப்போவதில் வியப்பில்லை. நமது பல்புகளுள் ஒன்று நான்காம் மாதமே கண்ணை மூடிற்று. மற்றது இருந்தவரை ரேடியோவில் இரைச்சலைக் கலந்துகொண்டிருந்தது.

பெயர்பெற்ற நிறுவனத்தார் மெல்லிய தகட்டில், இழை இருந்த அதே இடத்தில் சிறு சில்லுகளை அமைக்கிறார்கள். விலை பல மடங்கு. ஆயினும் பணம் கொடுத்தால் போதும் என்று எண்ணவேண்டாம். செருமனியில் 2020இல் அத்தகைய பல்பொன்றுக்குச் சாலை அனுமதி அளித்தபோதுங்கூட, சோதித்துப் பார்த்த குறிப்பிட்ட கார் வகைகளுக்கு மட்டுமே அளித்தார்கள். பல்பு நல்லதாயினும் குழியாடி அதனோடு ஒத்துப்போகவேண்டும் அல்லவா? நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி தாழ்ந்திருக்கவேண்டும் என்கின்றன. முன்னாளில் முகப்பு விளக்கின் மேற்பாகத்தில் கறுப்பு மை தீட்டியது சிலருக்கு நினைவிருக்கலாம். அழகாக இராது, கருத்து மட்டும் இதுவேதான்.

காருக்குள் எரியும் சிறு விளக்குக்கு மலிவான எல்.இ.டி. போதும், அதனால் எவருக்கும் கேடில்லை. முகப்பு விளக்கு மங்கலாகத் தெரிந்தால் முதலில் அதன் மூடியைப் பாருங்கள். மஞ்சள் பூத்த மூடியை மெருகேற்றி, சில நூறு ரூபாய்க்கு நல்ல ஹாலஜன் பல்பு போட்டாலே பெரும்பாலும் குறை தீரும். நாம் அதைத்தான் செய்தோம். நீலம் பாய்ந்த ஒளியில் சாலை பளிச்சென்று தோன்றும் என்பது உண்மை. ஆனால் வண்டிக்கு அருகில் வெளிச்சம் மிகுந்தால் கண்மணி சுருங்கித் தொலைவு மங்கும். கண்புரை தொடங்கிய பெரியவர்களுக்கோ எதிரே வரும் அவ்வொளி வெறும் வெண்புகையாகிவிடும். ஆகஸ்டு இறுதியில் நம் பங்குகளிலிருந்து வேளாங்கண்ணிக்கு இரவில் நடந்து போகும் பிள்ளைகள் எத்தனை பேர்! அவர்களுக்கு எதிரே வரும் வண்டிகளும் இதே கடைகளில் பல்பு வாங்கியவைதாம்.

எந்தப் பல்பைப் போட்டாலும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். சமதளத்தில், சுவருக்கு எதிரே 8 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தித் தாழ்ந்த ஒளியைப் போடுங்கள். ஒளியின் மேல்விளிம்பு கோடுபோலத் தெளிவாகத் தெரியவேண்டும். இடப்பக்கம் மட்டும் சற்றே ஏறியிருக்கலாம். விளிம்பே இன்றிச் சுவர் முழுதும் வெளுத்திருந்தால் பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய பல்பின் கோட்டைப் பென்சிலால் முன்பே குறித்துவைப்பது இன்னும் நலம். பின்னிருக்கையில் மூவரும், அதன்பின் மூட்டைகளும் ஏறினால் வண்டியின் முகம் நிமிர்ந்து, அக்கோடும் மேலேறும். ஸ்டியரிங் அருகே 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு சக்கரம் இருந்தால், அது அதற்காகவே உள்ளது, சுமைக்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம்.