தூணுக்கு ஓர் இழையுறை

1995ஆம் ஆண்டு சனவரி 17 அன்று விடியற்காலையில் ஜப்பானின் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்கியது. ஹான்ஷின் உயர்மட்ட விரைவுச்சாலை அரைக் கிலோமீட்டருக்கும் மேலான நீளத்திற்கு ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தது. அதனைத் தாங்கிய தூண்கள் பருத்தவையே; ஆயினும், பழைய விதிகளின்படி கட்டப்பட்ட அவற்றில் குறுக்கு வளையக் கம்பிகள் போதிய அளவில் இல்லை.

கான்கிரீட் மேலிருந்து அழுத்தப்படும்போது பக்கவாட்டில் புடைக்கும். அப்புடைப்பைத் தடுத்தால் அதன் தாங்குதிறன் உயரும். சட்டென நொறுங்காமல் வளைந்தும் கொடுக்கும். வளையக் கம்பிகளின் (பணியிடத்தில் இவற்றை ‘ரிங்’ என்பர்) பணி இதுவே. அவை குறைந்த பழைய தூணை இடிக்காமல் காக்கும் வழிகளுள் ஒன்று, கார்பன் இழைத்துணியை எப்பாக்ஸி பிசினில் தோய்த்துத் தூணைச் சுற்றி ஒட்டுவதாகும். கோபே நிகழ்வுக்குப்பின் ஜப்பானில் இம்முறை பெரிதும் பரவியது. எஃகின் அடர்த்தியில் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவான அடர்த்தி கொண்ட இவ்விழை துருப்பிடிப்பதில்லை.

வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டை, பூட்டிக் குளிர்ந்ததுமே இறுக்கத் தொடங்கும். இழையுறையோ தூண் புடைக்க முனையும்போதுதான் இழுவிசை பெற்று எதிர்த்து நிற்கும். வட்டத்தூணில் இவ்வெதிர்ப்பு எல்லாப் பக்கமும் சமமாக அமையும். சதுரத்தூணிலோ மூலைகளில் குவியும். கூரிய மூலை இழையையே அறுத்துவிடக்கூடும் என்பதால், அதனை முதலில் தேய்த்து உருட்டுவர்.

உள்ளே துருவேறிய கம்பியைச் சீராக்காமல் உறையிடுவது, சீழ்கொண்ட புண்ணை மூடிக் கட்டுவதை ஒக்கும். இப்பிசின் கொதிநீரின் வெப்பத்திற்கும் கீழேயே இளகத் தொடங்குவதுண்டு. எனவே, கட்டடங்களுக்குள் உறையின்மேல் தீக்காப்புப் பூச்சும் பூசுவர்.